ஆகாச தூரம்

எங்கள் அக்கா வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, அளந்தே சொல்கிறேன்: மூன்று சங்கிலி, பத்து லிங்க். அதாவது 62 மீட்டர். நில அளவைத் துறையில் 31 வருஷம் சங்கிலி பிடித்த கை. ஓய்வு பெற்ற மறுநாளே அரிப்பெடுத்து அதையும் அளந்துவிட்டேன். அக்காவிடம் செல்போன் இருக்கிறது. ஆனால் அது கனடாவுக்கு மட்டும். வேங்கிக்காலுக்குள் பேச அவளுக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. வாசலில் நின்று "டேய் தம்பீ" என்று ஒரு குரல் கொடுத்தால் நான் எழுந்திருப்பேன், எதிர்வீட்டு நாய் எழுந்திருக்கும், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும் யாரோ ஒரு தம்பியும் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் காலையில் அந்தக் குரல் வந்தது. போனேன். அக்கா முறத்தில் மல்லிகையைக் கொட்டி வைத்துக்கொண்டு கட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பூ கட்டாமல் உட்கார்ந்திருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"இன்னாடா இது, பையன் இன்னும் தூரமா போறானாம்?"

அக்காவின் பையன் டொரண்டோவில் சிவில் இன்ஜினியர். தண்ணீர்க் குழாய் வேலைக்காக அவனைக் கனடாவின் வடகோடிக்கு நாலைந்து மாதம் அனுப்புகிறார்களாம். ஊர் பெயர் ரெசலூட். அக்காவின் காதில் அது 'ரிசல்ட்டு' என்று விழுந்தது. "ரிசல்ட்டுக்குப் போறேன்னு சொல்றான். பாஸா ஃபெயிலான்னு கேட்டா சிரிக்கிறான்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்த ஊருக்கு ரிசல்ட்டு என்றே பெயர்.

"நீ சர்வேயர்தானே? இங்கேருந்து ரிசல்ட்டு எவ்ளோ தூரம்? கரெக்டா சொல்லு."

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் என்னிடம் தூரம் கேட்டவர்கள் எல்லாம் வரப்புச் சண்டைக்காரர்கள். அரை லிங்க் இந்தப் பக்கம் வந்தால் அவர் சந்தோஷப்படுவார், அந்தப் பக்கம் போனால் இவர். இப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் மனம் வருந்தித் தூரம் கேட்கிறார். தொழில் கர்வம் தலைக்கேறியது.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வயலை அளக்கும்போது ஒரு மூலைக்கல்லிலிருந்து எதிர்மூலைக்கல்லுக்கு நேராக ஒரு கோடு எடுப்போம். ஜி-லைன் என்போம். அந்தக் கோடு கிணற்றைப் பார்க்காது, வைக்கோல்போரைப் பார்க்காது, மாட்டுக்கொட்டகையைப் பார்க்காது. பார்க்க வேண்டியவர் செயின்மேன்தான். அதன்மேல் நடப்பது அவர் கால்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒருமுறை எங்கள் கோடு ஒரு பாட்டியின் வீட்டுக் கொல்லை வழியாகப் போயிற்று. "உன் கோடு நேராத்தான் போவுது சாமி. நீ போய்ட்டு வா பாப்போம்" என்று சொல்லி நாயை அவிழ்த்துவிட்டாள். எஃப்.எம்.பி. என்கிற எங்கள் புலப்படத்தில் அந்தக் கோடு 41 மீட்டர். நாங்கள் ஓடிய தூரம் படத்தில் இல்லை.

ஆனாலும் நேர்கோட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் துறையின் பரம்பரை அப்படி. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்கிற வெள்ளைக்காரர் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் நூறடி எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டி ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம், அதன்மேல் முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போய், காடு மலை ஆறு எதன்மேலும் சங்கிலி இழுக்காமல் இந்தியா முழுவதற்கும் ஊருக்கு ஊர் ஆகாச தூரம் கண்டுபிடித்தார்கள். மலை உச்சி கிடைக்காத ஊரில் கோபுரத்தின்மேல் ஏறினார்கள். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயிலில் தியோடலைட் கருவியை மேலே தூக்கும்போது அது மோதி அடிபட்ட கதை எங்கள் துறையில் பிரசித்தம்.

ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல். ஆக, விமானம் பிறப்பதற்கு 101 வருஷம் முன்பே விமான தூரத்தைத் தமிழ்நாட்டில் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பரங்கிமலைக்குப் பக்கத்திலேயே இன்றைக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. ஓலை முதலில் எழுதி, மாப்பிள்ளையைப் பிறகு தேடிய கல்யாணம் இது.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம்.

பேத்தியின் உலக உருண்டையை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். நூலுக்கு அக்காவின் பூ கட்டும் நூல்கண்டு. தட்டையான தேசப்படத்தில் தூரம் அளப்பதும், தோசையை விரித்து உருண்டை மாவின் அளவு சொல்வதும் ஒன்றுதான். உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தால்தான் உண்மையான ஆகாச தூரம் கிடைக்கும். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர்.

முதலில் டொரண்டோ. வேங்கிக்கால் இருப்பது கிழக்கு 79 டிகிரி தீர்க்கரேகையில். டொரண்டோ மேற்கு 79 டிகிரியில். எண் அப்படியே, திசைதான் நேரெதிர். நூலை இழுத்தேன். 13,400 கிலோமீட்டர் சொச்சம்.

அடுத்து ரெசலூட். அது வட அட்சம் 74 டிகிரியைத் தாண்டி, துருவத்துக்குப் போகிற வழியில் கார்ன்வாலிஸ் என்றொரு தீவில் இருக்கிறது. வேங்கிக்காலில் நூலின் ஒரு முனையை அக்கா கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். நான் மறுமுனையை இமயமலை, சைபீரியா என்று ஏற்றி, வட துருவத்தை ஒட்டினாற்போல் அந்தப் பக்கம் இறக்கினேன். 10,300 கிலோமீட்டர்.

எனக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி இழுத்தேன். சங்கிலி பிடித்தவன் கோடு தப்பலாம். பூ கட்டுகிறவள் நூல் தப்பாது. அதே 10,300.

"அக்கா, நீ தப்பா கவலைப்பட்டுட்ட. பையன் தூரமா போகல. 3,000 கிலோமீட்டர் பக்கத்துல வர்றான்."

அக்கா என்னைப் பார்த்தாள். உருண்டையைப் பார்த்தாள். நூலை மெதுவாகச் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"பக்கத்துல வர்றானா? அப்ப ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பாட்டி நாயை அவிழ்த்துவிட்டது போலிருந்தது.

நேர்கோட்டில் 10,300 என்றாலும் அந்த வழியில் போகும் பஸ்ஸோ விமானமோ கிடையாது. சென்னையிலிருந்து வளைகுடா, அங்கிருந்து டொரண்டோ என்று 14,000 கிலோமீட்டர் போக வேண்டும். பிறகு ஒட்டாவா. அங்கிருந்து வடக்கே 2,000 கிலோமீட்டர் பறந்தால் இக்காலுயிட் என்று ஒரு ஊர். அங்கே மாறி இன்னும் 1,500 கிலோமீட்டர் சொச்சம். எல்லாம் கூட்டினால் 18,000 கிலோமீட்டருக்குக் குறையாது. பக்கத்தில் வந்துவிட்ட பையனைப் பார்க்க, அவன் தூரத்தில் இருந்தபோது போனதைவிட 4,000 கிலோமீட்டர் அதிகமாகப் போக வேண்டும். அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. சர்வேயருக்கும் அக்கா உண்டு.

பையன் ரெசலூட் போய்ச் சேர்ந்து முதல் போன் பேசினான். அந்த ஊருக்கு அங்குள்ள இனுயிட் மக்கள் வைத்த பெயர் கவ்சுயிட்டுக். விடியல் இல்லாத இடம் என்று பொருளாம். நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி தொடக்கத்தில்தான் எட்டிப் பார்க்கும். "அப்ப எப்படா எந்திரிப்ப?" என்று அக்கா கேட்டாள். 2021 கணக்கெடுப்பில் ஊரின் மொத்த ஜனத்தொகை 183. எங்கள் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா வைத்தால் இதைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள்.

அந்த ஊருக்கும் வடக்கே இன்னொரு ஊர் உண்டு. கிரைஸ் ஃபியோர்டு. கனடாவில் குடும்பங்களாக மக்கள் வாழும் ஊர்களில் அதுதான் வடக்கே கடைசி. ஜனத்தொகை 144. இனுயிட் பெயர் அவ்யுயிட்டுக், பனி உருகாத இடம். ரெசலூட்டிலிருந்து ஆகாச தூரம் 380 கிலோமீட்டர். சின்ன விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் வேலை என்று சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை பையனை அங்கே அனுப்பினார்கள்.

போனவன் திரும்பி வந்தது பதினோராம் நாள்.

போனது ஒன்றரை மணி நேரம்தான். வேலையும் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பிறகு காற்று. காற்று நின்றால் மூடுபனி. மூடுபனி விலகினால் விமானம் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஓடுபாதை சரளைக்கல் பாவியது. சுற்றிலும் மலை, ஒரு பக்கம் கடல். அந்த ஊரில் இறக்குவதற்கென்றே கைதேர்ந்த விமானி வேண்டும். மாற்று வழி கேட்டால் சிரிப்பார்கள். நுனாவுட் என்கிற அந்தப் பிரதேசத்தில் 25 ஊர்கள். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் சாலை கிடையாது. 25-இல் ஒன்றுக்காவது வெளியுலகத்திலிருந்து சாலை உண்டா என்றால் அதுவும் இல்லை.

தினமும் காலையில் பையன் போன் பேசுவான். "இன்னிக்கு வருமாம் மாமா." மாலையில் மறுபடி பேசுவான். "நாளைக்கு வருமாம் மாமா." எனக்கு இது ரொம்பப் பழகிய பாஷையாக இருந்தது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைப் பற்றி டீக்கடையில் இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

"அங்கே இன்னாடா சாப்பிடுற?" என்று அக்கா இடைமறித்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டு மீன் குடுத்தாங்கம்மா. ஆர்க்டிக் சார்."

"குடுத்தவரு பேரு கேக்கல. மீன் பேரு இன்னா?"

"மீன் பேருதாம்மா ஆர்க்டிக் சார்."

"மீனுக்குப் போய் இன்னாடா சாரு?" அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "குளிர்ல பையனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு ஊர்களிலும் ஜனங்கள் ஆசைப்பட்டுக் குடியேறவில்லை என்பதைப் பையன் பிறகு சொன்னான். 1953-லும் 1955-லும் கனடா அரசாங்கம் தெற்கே இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கியது. வேட்டைக்கு நல்ல இடம் என்றார்கள். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்றும் சொன்னார்கள். திரும்பக் கப்பல் வரவில்லை. மூன்று மாத இருட்டையே அறியாத ஜனங்கள் முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். 2010-ல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. பையனுக்கு மீன் கொடுத்த வீட்டுப் பெரியவர் கைக்குழந்தையாக அந்தக் கப்பலில் வந்தவராம். பதினோரு நாள் காத்திருப்பைப் பற்றிப் பையன் புலம்பியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு மீன் வைத்தாராம். அதைக் கேட்டபிறகு நான் டவுன் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. 144 பேர் உள்ள ஊருக்கு, காற்று விட்டால், விமானம் வருகிறது. 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்ட எங்கள் திருவண்ணாமலைக்கு விமானம் வருவதில்லை. நாங்களும் வடக்குதானே! வட ஆர்க்காடு என்றே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1989-ல்தான் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள்.

விமானமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோயிலுக்குள் போனால் கருவறைக்கு மேலே விமானம் இருக்கிறது. அது பல நூறு வருஷமாகப் புறப்படவில்லை, அவ்வளவுதான்.

பறந்த சரித்திரமும் எங்களுக்கு உண்டு. முதலில் பறந்தவர் பிரம்மா. அண்ணாமலையாரின் முடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அன்னமாகி மேலே போனார். தூரம் தெரியாது, நேரம் தெரியாது. பாதி வழியில் எதிரே தாழம்பூ இறங்கி வந்தது. "எத்தனை காலமா வர்றே?" என்று விசாரித்தவர், அது சொன்ன கணக்கைக் கேட்டுப் பறப்பதை விட்டுவிட்டார். தூரத்தை அளக்காமலேயே அளந்ததாகத் தாழம்பூவை வைத்துச் சாட்சி சொல்ல வைத்தார். எங்கள் துறையில் இதற்கு ஆபீசில் உட்கார்ந்து ஸ்கெட்ச் போடுவது என்று பெயர். மெமோதான் கொடுப்பார்கள், பிரம்மாவுக்குக் கோயிலே இல்லாமல் போயிற்று.

இரண்டாவதாகப் பறந்தவர் அருணகிரிநாதர். தேவலோகத்திலிருந்து பாரிஜாதப் பூ வேண்டும் என்று ராஜா பிரபுடதேவர் கேட்க, அருணகிரியார் தன் உடம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளி உடம்பில் புகுந்து பறந்தாராம். போனார், பூவைக் கொண்டு வந்தார். வந்து பார்த்தால் வைத்துவிட்டுப் போன உடம்பை எதிராளிகள் எரித்துவிட்டார்கள். விமானப் பயணத்தில் லக்கேஜ் காணாமல் போன முதல் கேஸ் அதுவாகத்தான் இருக்கும். பெட்டி தொலைந்தால் புகார் எழுதிக் கொடுக்கலாம். உடம்பு தொலைந்தால் என்ன எழுதுவது? கிளியாகவே இருந்துவிட்டார். கிளி கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் விமானப் பேச்சு அடிபட்டது உடான் திட்டத்தில்தான். சின்ன ஊர்களுக்கும் விமானம், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று 2016-ல் அறிவித்தார்கள். 2017 ஏப்ரலில் முதல் விமானம் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் நடுவே பறந்தது. பட்டியலில் எங்கள் வேலூரும் இடம்பிடித்தது. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலைகள் நடந்தன. பயணிகள் விமானம் மட்டும் இதை எழுதுகிற நாள்வரை வரவில்லை.

சும்மா இருக்க முடியாமல் அதையும் நூல் பிடித்துப் பார்த்தேன். அப்துல்லாபுரம் வேங்கிக்காலுக்கு நேர் வடக்கே, கோடு கிழித்ததுபோல அதே தீர்க்கரேகையில் இருக்கிறது. 72 கிலோமீட்டர். பையன் போன சின்ன விமானம் இங்கே ஓடினால் பதினைந்து நிமிஷம். போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். "பதினஞ்சு நிமிஷம்தானாம்" என்று அக்காவிடம் சொன்னேன். "ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரணும்னு பையன் சொல்வானே, அது இதுக்கும் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "அப்ப அந்த ரெண்டு மணி நேரத்துல பஸ்ஸே வேலூர் போயிருமே" என்றாள். சின்ன தூர விமானப் போக்குவரத்தின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் இதைவிடச் சின்ன தூரத்துக்கும் விமானம் ஓடுகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவே 2.7 கிலோமீட்டர். 1967-லிருந்து விமானம் போய் வருகிறது. கால அட்டவணையில் இரண்டு நிமிஷம். காற்று பின்னாலிருந்து தள்ளிய ஒரு நாளில் 53 விநாடியில் போய்விட்டார்களாம். என் வீட்டிலிருந்து திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு அதைவிடத் தூரம். ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆள் ஏறி உட்காரவே 53 விநாடி போதாது.

சேலம் கதை இன்னும் வேடிக்கை. காமலாபுரம் விமான நிலையம் 1993-ல் திறந்தது. அன்றிலிருந்து விமானம் வரும், நிற்கும். மறுபடி வரும், மறுபடி நிற்கும். 2018 மார்ச்சில் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. சேலத்துக்கும் சென்னைக்கும் நேர்கோடு போட்டால் அது வேங்கிக்காலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே போகிறது. கிட்டத்தட்டப் பாதி வழியில் நாங்கள் இருக்கிறோம். அப்படி எங்கள் தலைக்குமேல் போகிற விமானத்தில் நான் ஏற வேண்டுமானால், மேற்கே நேர்கோட்டிலேயே 120 கிலோமீட்டர் போய்ச் சேலத்தில் ஏறி, மறுபடி என் வீட்டைத் தாண்டிச் சென்னை போக வேண்டும். பஸ்ஸாக இருந்தால் கைகாட்டி நிறுத்தலாம்.

இப்படி நான் நூலும் உருண்டையுமாக மாதம் மூன்று ஓட்டிக்கொண்டிருக்க, அக்கா தன் வழியில் தூரம் அளந்துகொண்டிருந்தாள். அவள் அளவு கட்டுச்சோறு. வேலூர் என்றால் தண்ணீர் பாட்டில் போதும். சென்னை என்றால் ஒரு பொட்டலம். திருப்பதி என்றால் இரண்டு. பையன் முதன்முதலில் டொரண்டோ போனபோது நாலு பொட்டலம் கட்டினாள். வாழை இலையைத் தணலில் வாட்டி, நல்லெண்ணெய் மினுங்கும் புளிச்சாதத்தை நடுவில் வைத்து அமுக்கி, ஓரத்தில் ஒரு வறுத்த மிளகாயைச் செருகி, இலையை மடித்து வாழை நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவாள். ஒவ்வொரு கட்டும் எடை போட்டதுபோல் ஒரே அளவாக இருக்கும். திண்டிவனத்தில் ஒன்று, மீனம்பாக்கத்தில் ஒன்று, வளைகுடாவில் ஒன்று. நாலாவதை டொரண்டோ அதிகாரிகள் மேஜைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்களாம். "அப்ப டொரண்டோ நாலு பொட்டல தூரம்" என்று அக்கா முடிவு கட்டினாள். ரிசல்ட்டு எத்தனை பொட்டலம் என்று தெரியாததுதான் அவளுக்கு உண்மையான கவலை.

இதைப் பையனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "இங்கேயும் அப்படித்தான் மாமா" என்றான். இனுயிட் மக்கள் ஒரு இடம் எத்தனை மைல் என்று கேட்க மாட்டார்களாம். எத்தனை தூக்கம் என்று கேட்பார்களாம். நாய்வண்டியில் போகும்போது வழியில் எத்தனை இரவு படுத்து எழுந்திருக்க வேண்டுமோ அதுதான் தூரம். பனி இறுகியிருந்தால் இரண்டு தூக்கம், இளகியிருந்தால் நாலு தூக்கம். இடம் மாறவில்லை, தூரம் மாறுகிறது.

கேட்டதும் எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் "மூணு நாழிகை வழி" என்பார். ஒரு நாழிகை 24 நிமிஷம். அந்த நேரத்தில் ஒரு மனுஷன் நடக்கிற தூரம்தான் நாழிகை வழி. தூரமும் நேரமும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்திய காலம் அது. பிறகு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் துறை வந்து இரண்டையும் பாகம் பிரித்து, பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டது.

ஏப்ரலில் பையன் ஊருக்கு வருவதாகச் சொன்னான். தேதியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சித்ரா பௌர்ணமி. கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடி லட்சக்கணக்கில் ஜனம் கூடும் நாள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றான். நள்ளிரவில் வண்டி எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் கிளம்பினோம். பொட்டலம் மூன்று. விடியும் முன் மீனம்பாக்கம் போய்விட்டோம்.

காலை ஒன்பது மணிக்கு வெளியே வந்தான். இளைத்திருந்தான். அக்கா அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். "இங்கேருந்து வீடு எவ்ளோ தூரம் மாமா?" என்று வாயில் புளிச்சாதத்தோடு கேட்டான். வழக்கமான கர்வத்தோடு, "ஆகாச தூரம் 144 கிலோமீட்டர் மாப்பிள்ளை" என்றேன்.

திண்டிவனம் வரை ஒழுங்காக வந்தோம். செஞ்சி தாண்டுவதற்குள் வெயில் சாயத் தொடங்கிவிட்டது. முன்னால் ஆந்திரா பஸ், பின்னால் கர்நாடகா வேன், பக்கத்தில் ஒரு டிராக்டர் நிறைய மொட்டைத்தலைகள். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தோடு வண்டியை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போக அனுமதி இல்லை. "சார், வேங்கிக்கால்தான் வீடு, லோக்கல்" என்றேன். "இன்னிக்கு எல்லாரும் லோக்கல்தான் சார்" என்றார் போலீஸ்காரர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். மலை எதிரே தெரிந்தது. கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. நடக்க நடக்கத் தள்ளிப் போயிற்று. வீடு வந்து சேரும்போது இரவு எட்டு மணி. டொரண்டோவிலிருந்து சென்னைக்கு 14,000 கிலோமீட்டர், வழியில் காத்திருந்ததையும் சேர்த்து 22 மணி நேரம். சென்னையிலிருந்து வேங்கிக்கால் 11 மணி நேரம்.

"கிரைஸ் ஃபியோர்டே பரவாயில்ல மாமா. அங்கே காத்திருக்க ஹீட்டர் இருந்துச்சு" என்றான் பையன்.

உட்காரக்கூட விடவில்லை அக்கா. பையன் பத்திரமாகத் திரும்பினால் மூன்று பேரும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டாளாம், அதுவும் இறங்கிய அன்றைக்கே. வேண்டுதலில் என்னைச் சேர்க்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து மணிக்கு ராஜகோபுரத்தின் முன்னிருந்து புறப்பட்டோம். பதினாலு கிலோமீட்டர். நிலா வெளிச்சத்தில் ரோடு முழுக்க ஜனம்; நாமாக நடக்க வேண்டியதில்லை, நடத்திக்கொண்டு போவார்கள். அடி அண்ணாமலை தாண்டும்போது பையன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தூக்கத்திலேயே நடந்தான். விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடி ராஜகோபுரத்தின் முன் வந்து நின்றோம். கிளம்பிய அதே இடம்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு உதித்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஒண்ணு தெரியுமா அக்கா? அஞ்சு மணி நேரம் நடந்தோமே, இதோட ஆகாச தூரம் எவ்ளோ தெரியுமா? சைபர். கிளம்புன எடமும் வந்த எடமும் ஒண்ணுதானே. சர்வே கணக்குல நாம எங்கியுமே போகல."

அக்கா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கால் வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப சைபர்னு சொல்லாத."

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் என் அளவை யாரும் இவ்வளவு சீக்கிரம் ரத்து செய்ததில்லை.

வேங்கிக்காலுக்கு நடந்து வந்தோம். எங்கள் தெருவில் முதலில் வருவது என் வீடு. இன்னும் மூன்று சங்கிலி பத்து லிங்க் போனால் அவன் வீடு. 18,000 கிலோமீட்டர் வந்த பையனால் அந்த 62 மீட்டர் போக முடியவில்லை. என் வீட்டுத் திண்ணையைப் பார்த்ததும், அங்கே போட்டுவிட்டுப் போயிருந்த பெட்டியைத் தலைக்கு வைத்து அப்படியே சாய்ந்துவிட்டான். அக்கா ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். நானும் சத்தமில்லாமல் உள்ளே போய்ப் படுத்தேன்.

கண் அசந்த நேரம், 62 மீட்டருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது:

"டேய் தம்பீ! புள்ளைய எழுப்பிடாத! தூங்கட்டும்!"

எதிர்வீட்டு நாய் எழுந்தது. பையனும் எழுந்துவிட்டான்.